வீட்டில் செய்யும் வைஃபை அன்டெனா: அளவுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெறும் தகரப் பேணி ஒன்றை வைஃபை ரவுட்டரின் கொம்பில் மாட்டிவிட்டால் இணைய வேகம் பல மடங்காகும் என்று சொல்லும் காணொளிகள் அண்மைக் காலமாக மாணவர்களின் கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் செய்து, பயன் காணாமல், இதெல்லாம் வெறும் ஏமாற்று என்ற முடிவுக்கு வந்த பிள்ளைகள் பலர் வெள்ளவத்தையிலுள்ள என் திருத்தகத்துக்கு வருகிறார்கள். வானொலி, தொலைக்காட்சி, பின்னர் கணினி வலையமைப்பு எனத் திருத்துவேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், திசைப்படுத்திய அன்டெனாவை வீட்டிலேயே செய்து நன்றாக இயக்க முடியும் என்பதையும், அளவு சொல்லாத செய்முறையே பிள்ளைகளைக் கைவிட்டது என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இவ்வகை அன்டெனா என்ன செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். அது புதிதாக வலுவெதையும் உண்டாக்குவதில்லை. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் ஒடுக்கினால் அதே தண்ணீர் ஒரு பக்கமாக எட்டப் பாய்வது போல, எல்லாத் திசைகளுக்கும் சிதறும் அலைகளை அது ஒரு திசைக்குத் திரட்டித் தருகிறது. இத்திரட்டலை நயம் என்கிறோம், டெசிபலில் அளக்கிறோம். நயம் 3 டெசிபல் கூடினால் அத்திசையில் வலு இரட்டிப்பாகும்; 6 டெசிபல் கூடினால் தடையற்ற வெளியில் எட்டும் தூரம் இரட்டிப்பாகும். ரவுட்டரோடு வரும் சாதாரணக் கொம்பின் நயம் ஏறத்தாழ 2 டெசிபல்தான். அனுப்பும்போது கிடைக்கும் நன்மை வாங்கும்போதும் அதே அளவில் கிடைக்கும். கொழும்பில் வாழும் நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் ஒவ்வொரு மாடிக் குடியிருப்பிலும் பத்திருபது ரவுட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரைகின்றன. திசைப்படுத்திய அன்டெனா முன்பக்கத்தைக் கூடுதலாகக் கேட்கும். பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் குறைவாகக் கேட்கும். நெரிசலான நகரத்தில் தூரத்தைக் கூட்டுவதைவிட இந்த வேண்டாத இரைச்சலைக் குறைப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது பேணிக்கு வருகிறேன். பேணி அன்டெனா என்பது இயற்பியல் மொழியில் ஒரு வட்ட அலைவழிகாட்டி, அதாவது அலையைத் தனக்குள் நடத்திச் செல்லும் உருண்டைக் குழாய். ஒரு குழாய்க்குள் எந்த மீடிறனுள்ள (செக்கனுக்கு எத்தனை அதிர்வுகள் கொண்ட) அலை நுழைய முடியும் என்பதை அக்குழாயின் உள்விட்டமே தீர்மானிக்கிறது. மில்லிமீற்றரில் அளந்த உள்விட்டத்தால் 175.7 ஐ வகுத்தால், குழாய்க்குள் செல்லக்கூடிய மிகக் குறைந்த மீடிறன் கிகாஹேர்ட்ஸில் கிடைக்கும். அதே விட்டத்தால் 229.5 ஐ வகுத்தால், இரண்டாவது அலைவகை, அதாவது அலை குழாய்க்குள் பரவும் இரண்டாவது விதம், தொடங்கும் மீடிறன் கிடைக்கும். அந்த அலைவகை தலையிட்டால் முன்னோக்கிய கற்றை குலைந்துவிடும். நாம் பயன்படுத்தும் வைஃபை வலயம் 2400 தொடக்கம் 2483.5 மெகாஹேர்ட்ஸ் வரையானது. ஆகவே பேணியின் உள்விட்டம் 73.2 மில்லிமீற்றருக்கு மேலாகவும் 92.4 மில்லிமீற்றருக்குக் கீழாகவும் இருந்தே தீர வேண்டும். நடைமுறையில் 80 இற்கும் 90 இற்கும் இடைப்பட்டதே நல்லது.

இந்த ஒரு கணக்கே பிள்ளைகளின் தோல்விக்குப் பெரும்பாலும் விடை சொல்லிவிடுகிறது. நம் வீடுகளில் மிக எளிதாகக் கிடைப்பது 425 கிராம் மீன் பேணி. அதன் விட்டம் ஏறத்தாழ 73 முதல் 75 மில்லிமீற்றர். அதாவது அலை நுழைவதா விடுவதா என்ற எல்லைக் கோட்டிலேயே அது நிற்கிறது. அடுத்ததாகக் கைக்கு வருவது பெரிய பால்மாப் பேணி. அதன் விட்டம் 100 மில்லிமீற்றரைத் தொட்டால் இரண்டாவது அலைவகை 2.3 கிகாஹேர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். ஒன்று மிகச் சிறியது, மற்றையது மிகப் பெரியது. காணொளியில் தோன்றுபவர் எந்தப் பேணி என்று சொல்லாமல், ஏதாவதொரு பேணியை எடுங்கள் என்று சொல்லும்போது, பார்க்கும் பிள்ளை இவ்விரண்டில் ஒன்றைத்தான் எடுக்கப்போகிறது. பொருத்தமான பேணி கிடைக்காவிட்டால், துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டை 85 மில்லிமீற்றர் உள்விட்டமும் 175 மில்லிமீற்றர் நீளமும் உள்ள குழாயாக உருட்டி, ஒரு பக்கத்தை மூடித் தரும்படி தகர வேலை செய்பவரிடம் கேட்கலாம்.

பேணியின் பக்கச் சுவரில் துளையிட்டு, வடத்தோடு இணைத்த ஒரு செப்புக் கம்பியை உள்ளே நிறுத்துகிறோம். விட்டம் மாறினால் அக்கம்பியின் இடமும் மாற வேண்டும். கம்பியின் நீளம் காற்றில் உள்ள அலைநீளத்தின் காற்பங்கு. வைஃபை வலயத்தின் பிரிவுகளில் ஒன்றான ஆறாவது சனலின் மையமான 2437 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 123 மில்லிமீற்றர் என்பதால், கம்பி ஏறத்தாழ 31 மில்லிமீற்றர் வரும். ஆனால் மூடிய அடித்தகட்டிலிருந்து அக்கம்பி எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் குழாய்க்குள் உள்ள அலைநீளம் தீர்மானிக்கிறது. குழாய்க்குள் அலைநீளம் காற்றில் உள்ளதைவிட மிக நீளமானது. உள்விட்டம் 90 மில்லிமீற்றராயின் அத்தூரம் 51 மில்லிமீற்றர். 85 ஆயின் 58. 80 ஆயின் 71. 75 ஆயினோ 112. எண்பதிலிருந்து எழுபத்தைந்துக்கு இறங்கும் ஐந்து மில்லிமீற்றர், துளையிட வேண்டிய இடத்தை நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளிவிடுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இதனாலேயே ஒருவர் செய்த பேணியின் துளை அளவை இன்னொருவர் தம் பேணியில் அப்படியே போட முடியாது. நன்றாகச் செய்த பேணி 7 அல்லது 8 டெசிபல் நயம் தரும். பன்னிரண்டு, பதினைந்து என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இதே பேணியை 4ஜீ கோபுரத்தை நோக்கித் திருப்பிவைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் 4ஜீ சேவைக்குப் பயன்படும் 1800 மெகாஹேர்ட்ஸ் வலயத்தை எடுத்துக்கொண்டால், 85 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்குள் 2067 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட எந்த அலையும் செல்லாது. அந்தக் கோபுரத்தின் அலையைப் பொறுத்தவரை அது அடைத்த சுவர்தான்.

பேணியைவிட எளியதும் கூடுதலாகப் பலன் தருவதுமான ஒன்றை மாணவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். அது இரட்டைச் சதுர அன்டெனா. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒற்றைச் செப்புக் கம்பியில் 244 மில்லிமீற்றரை வெட்டியெடுத்து, ஒவ்வொரு பக்கமும் 30.5 மில்லிமீற்றராக வளைத்து, இரண்டு சதுரங்கள் மூலையோடு மூலை பார்த்து நிற்கும்படி செய்ய வேண்டும். நடுவில் சந்திக்கும் இரு மூலைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். இணையச்சு வடத்தின் (நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் உள்ள வடத்தின்) நடுக்கம்பியை ஒரு மூலையிலும் பின்னலை எதிர் மூலையிலும் பற்றாசு (ஈய உருக்கு) வைத்து ஒட்ட வேண்டும். பின்னால் 123 மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரச் செப்புத் தகடோ, செப்புப் பூசிய அச்சுச்சுற்றுப் பலகைத் துண்டோ, அலையை முன்னுக்குத் திருப்பும் தெறிப்பியாக நிற்கும். கம்பிக்கும் தெறிப்பிக்கும் இடையே 15 மில்லிமீற்றர். இவ்வளவுதான், நயம் 10 டெசிபலைத் தாண்டும்.

ஆனால் இந்தச் சிறு வேலையில்தான் கையின் ஒழுங்கு தெரியவரும். கம்பியை வளைக்குமுன் நன்றாக இழுத்து நேராக்கி, மேலுள்ள பிளாஸ்டிக்கை முழுவதும் உரித்துவிட வேண்டும். குறட்டால் வளைக்கும்போது மூலை வட்டமாகிவிட்டால் பக்கத்தின் நீளம் குறையும். ஆகவே அளவைக் கம்பியின் மையத்திலிருந்து மையத்துக்குப் பார்க்க வேண்டும். பற்றாசு மூலையில் கட்டியாகத் திரண்டு நிற்காமல் மெல்லியதாகப் படர்ந்து பளபளக்க வேண்டும். வடத்தின் பின்னலை அதிக நீளத்துக்குப் பிரித்துத் திரித்தால், பிரிந்த அந்தப் பகுதியும் அன்டெனாவாக நடந்துகொள்ளத் தொடங்கும். சதுரங்கள் இரண்டும் தெறிப்பிக்குச் சமாந்தரமாக நிற்கின்றனவா என்பதைப் பக்கவாட்டில் கண்ணளவாகப் பார்க்காமல், நான்கு ஓரங்களிலும் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். தாங்கியாக வைக்கும் பிளாஸ்டிக் துண்டு அலையை உறிஞ்சுமா என்பதை அறிய எளிய வழி உண்டு. மைக்ரோவேவ் அடுப்பும் 2450 மெகாஹேர்ட்ஸிலேயே இயங்குவதால், ஒரு குவளைத் தண்ணீரோடு அத்துண்டையும் உள்ளே வைத்து ஒரு நிமிடம் இயக்கிப் பார்க்கலாம்; துண்டு சூடேறினால் அது நம் வேலைக்கு உதவாது.

வடம் பற்றியும் சொல்ல வேண்டும். அன்டெனாவில் உழைத்துச் சேர்த்த நயத்தை வடத்தில் தொலைப்பவர்களே அதிகம். மெல்லிய ஆர்.ஜி. 58 வடம் இந்த மீடிறனில் மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபலை விழுங்கும். அதைவிட மெல்லிய ஆர்.ஜி. 174 இரண்டு டெசிபலை விழுங்கும். பத்து மீற்றர் ஆர்.ஜி. 58 வடத்தை மொட்டைமாடியிலிருந்து கீழே இறக்கினால், இரட்டைச் சதுர அன்டெனாவின் நயம் முழுவதும் வடத்திலேயே முடிந்துவிடும். தொலைக்காட்சிக்குப் பயன்படும் 75 ஓம் ஆர்.ஜி. 6 வடம் தடங்கலில், அதாவது ஓம் அளவில், நமக்கு வேண்டிய 50 ஓமுக்கு ஒத்துவராவிட்டாலும், அந்த ஒவ்வாமையால் வரும் இழப்பு கால் டெசிபலைக்கூட எட்டாது. ஆகவே மெல்லிய 50 ஓம் வடத்தைவிட அது மேலானது. இவை எல்லாவற்றிலும் சிறந்தது, வடத்தையே தவிர்த்துவிடுவது. கழற்றக்கூடிய கொம்புள்ள யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிளை (கணினியில் செருகும் சிறு வைஃபை கருவியை) அன்டெனாவின் முதுகிலேயே பொருத்தி, அங்கிருந்து கணினிக்கு ஐந்து மீற்றர்வரை யூ.எஸ்.பி. வடத்தைக் கொண்டுவரலாம். பொருத்திகளை வாங்கும்போது எஸ்.எம்.ஏ., ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. என்ற இரண்டும் திருகும்போது ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மரை பிடித்தாலும் நடுவில் ஊசியும் ஊசியும் முட்டும், அல்லது துளையும் துளையும் பார்த்துக்கொண்டிருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குபவர்கள் தங்கள் ரவுட்டரின் கொம்பொன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது.

விலை கொடுத்து வாங்கும் அன்டெனாக்களும் எப்போதும் நம்பத்தகுந்தவையல்ல. எங்கள் மாணவர் ஒருவரின் தந்தை, நகரில் ஒரு கடையில், 25 டெசிபல் என்று எழுதிய, மீன்முள் வடிவமுள்ள ஒரு யாகி அன்டெனாவை வாங்கி வந்தார். அதன் நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட. ஜப்பானின் தொஹொக்கு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926 இல் உலகுக்கு அறிவித்த இந்த வடிவத்தில், நயம் கூடவேண்டுமானால் நீளமும் கூட வேண்டும். நீளத்தை இரட்டித்தாலும் நயம் மூன்று டெசிபலுக்குச் சற்றுக் குறைவாகவே உயரும். இந்த மீடிறனில் 25 டெசிபல் பெற வேண்டுமானால் அந்த மீன்முள் பல மீற்றர் நீண்டிருக்க வேண்டும். அந்தத் தந்தையிடம் ஒரு கணக்கும் ஓர் அளவுகோலும் இருந்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது இசைவாக்கல். செய்து முடித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுபவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அன்டெனா, நாம் விரும்பும் மீடிறனில் பரிவுற வேண்டும், அதாவது அதனோடு இசைந்து அதிர வேண்டும். பரிவுறாவிட்டால் ரவுட்டர் அனுப்பும் வலுவில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். இப்படித் திரும்புவதைக் காட்டும் அளவான நிலையலை விகிதம் 1.5 ஆக இருந்தால் திரும்புவது 4 சதவீதம். 2 ஆக இருந்தால் 11 சதவீதம். அதற்கு மேல் போனால் அன்டெனாவைத் திருத்தத்தான் வேண்டும். இதை அளக்கும் வலையமைப்புப் பகுப்பாய்வி ஒரு காலத்தில் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் மட்டுமே இருந்தது. இன்று நனோவிஎன்ஏ என்ற உள்ளங்கைக் கருவியை மாணவர்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்க முடிகிறது. ஆனால் வாங்கும்போது கவனம் தேவை. முதலில் வந்த வகை 900 மெகாஹேர்ட்ஸ் வரைக்குமே ஒழுங்காக அளக்கும். சிலவற்றில் 1500 வரை போகும். வைஃபை வேலைக்கு 3 கிகாஹேர்ட்ஸ் வரை அளக்கும் இரண்டாவது வகையே வேண்டும். அளக்குமுன், வடத்தின் நுனியில் திறந்த முனை, குறுக்கிய முனை, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது வடத்தை அளக்குமேயன்றி அன்டெனாவை அளக்காது.

பேணி அன்டெனாவில் கம்பியை முதலில் 33 மில்லிமீற்றராக விட்டு, அரை அரை மில்லிமீற்றராக நறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு நறுக்குக்கும், திரும்பும் வலு எங்கே குறைகிறது என்பதைக் கருவியின் திரையில் காட்டும் பள்ளம் உயர்ந்த மீடிறன் பக்கம் நகர்வதைப் பார்க்கலாம். அது 2437 ஐ அடைந்ததும் நிறுத்திவிட வேண்டும். கூட நறுக்கிவிட்டால் புதுக் கம்பிதான் வைக்க வேண்டும். இரட்டைச் சதுர அன்டெனாவில் தெறிப்பிக்கும் கம்பிக்கும் இடையிலான தூரத்தை 13 முதல் 17 மில்லிமீற்றர் வரை மாற்றிப் பார்த்து, பள்ளம் எங்கே ஆழமாகிறது என்று காண வேண்டும். பள்ளம் ஆழமாகும் அந்த நொடியில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பவர்கள், பாடப் புத்தகத்தில் பரிவு என்ற தலைப்பில் படித்தது அவர்களுக்கு அப்போதுதான் உண்மையிலேயே விளங்குகிறது என்பதை உணர்வார்கள்.

கருவி இல்லாதவர்களும் இசைவாக்கலாம், பொறுமைதான் தேவை. மறுமுனையில் உள்ள ரவுட்டரை ஒரே இடத்தில், ஒரே சனலில், 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் நிறுத்திவைத்து, இந்த முனையில் சைகை மட்டத்தை டிபிஎம் அலகில் (ஒரு மில்லிவோற்றோடு ஒப்பிட்ட டெசிபலில்) பார்த்து எழுத வேண்டும். திரையில் தெரியும் கோடுகளை எண்ணுவது அளவாகாது. எண் ஓயாமல் ஆடும் என்பதால் ஒரு நிமிடத்தின் சராசரியையே எடுக்க வேண்டும். இதை வீட்டறைக்குள் செய்யவே கூடாது. சுவரிலும் அலமாரியிலும் பட்டுத் தெறிக்கும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அழித்தும் நிற்பதால், அன்டெனாவை ஆறு சென்ரிமீற்றர், அதாவது அரை அலைநீளம் நகர்த்தினாலே பத்து டெசிபல் கூடிக் குறையும். அதை நாம் செய்த திருத்தத்தின் பலன் என்று மயங்கிவிடுவோம். மொட்டைமாடியோ விளையாட்டுத் திடலோ நல்லது. ஒவ்வொரு முறையும் சாதாரணக் கொம்பை அதே இடத்தில் மாட்டி ஒரு வாசிப்பும், செய்த அன்டெனாவை மாட்டி ஒரு வாசிப்பும் எடுத்து, வித்தியாசத்தை மட்டுமே நம்ப வேண்டும்.

இரு முனைகளிலும் முனைவாக்கம், அதாவது அலை அதிரும் திசை, ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு முனை நிலைக்குத்தாகவும் மறுமுனை கிடையாகவும் இருந்தால் 20 டெசிபல் வரை இழக்கலாம். பேணியில் கம்பி நிற்கும் திசையே முனைவாக்கத்தின் திசை. இரட்டைச் சதுரத்தில் இது கண்ணுக்கு எதிர்மாறாகத் தோன்றும்: சதுரங்கள் இரண்டும் பக்கம் பக்கமாகக் கிடக்கும்போது முனைவாக்கம் நிலைக்குத்து.

பாதை பற்றியும் ஒரு விடயம். இரு முனைகளும் ஒன்றையொன்று கண்ணால் பார்த்தால் போதும் என்பது சரியல்ல. அரைக் கிலோமீற்றர் இணைப்பில், நடுவழியில் அலை நான்கு மீற்றர் ஆரைக்குப் பரந்து செல்கிறது. அதில் அறுபது வீதமாவது, அதாவது சுற்றிவர ஏறத்தாழ இரண்டரை மீற்றர், தடையின்றி இருக்க வேண்டும். கொழும்பில் அந்த இடத்தில் வந்து நிற்பவை தண்ணீர்த் தாங்கிகளும் தென்னை ஓலைகளும்தான். மழை பெய்தால் இணைப்பு குறைகிறது என்று மழையைக் குற்றம் சொல்வார்கள். இந்த மீடிறனில் மழைத்துளிகள் குறைப்பது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. நனைந்த இலைகளும், பொருத்திக்குள் புகுந்த நீருமே காரணம். கடற்கரை ஓரமாக வாழும் நமக்கு உப்புக் காற்றும் ஓர் எதிரி. பற்றாசு வைத்த இடத்தை வெளியில் திறந்துவிட்டால் பச்சை பிடித்துவிடும். சாப்பாட்டுப் பெட்டியாக வரும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி நல்ல உறை. உலோகத் தூள் கலந்த வர்ணம் பூசக்கூடாது.

இனி ஒரு கணக்கை முழுவதாகச் செய்து காட்டுகிறேன். இந்தக் கடிதத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுதான். அரைக் கிலோமீற்றர் தூரத்தில் வெட்டவெளி இழப்பு 94 டெசிபல். ரவுட்டர் 17 டிபிஎம், அதாவது 50 மில்லிவோற்று அனுப்புகிறது என்றும், இரு முனைகளிலும் 2 டெசிபல் கொம்புகள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொண்டால், மறுமுனைக்கு வருவது மறை 73 (-73) டிபிஎம். நகரத்து இரைச்சலில் இது தடுமாறும். இரு முனைகளிலும் 10 டெசிபல் அன்டெனாவை வைத்தால் மறை 57 வரும். ஆனால் அப்போது நாம் முன்னோக்கி வீசும் வலு 27 டிபிஎம், அரை வோற்று ஆகிவிடுகிறது. ஐரோப்பிய நாடுகளில் இந்த வலயத்தில் அன்டெனாவின் நயத்தையும் சேர்த்து 100 மில்லிவோற்றுக்கு மேல் வீசக்கூடாது என்பது விதி. ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போய் அனுப்பும் வலுவை 10 டிபிஎம் ஆகக் குறைத்துவிடுவோம். வீசும் வலு 20 டிபிஎம், சரியாக 100 மில்லிவோற்று; ஏறத்தாழ முன்பு சாதாரணக் கொம்பு வீசிய அளவுதான். மறுமுனைக்கு வருவதோ மறை 64. முன்பைவிட 9 டெசிபல் கூட. அயலவரின் இணைப்பைக் கெடுக்காமல், பெரும்பாலும் வாங்கும் முனையின் நயத்தாலேயே இவ்வளவு பெற முடிகிறது. வலுவைக் குறைத்துக்கொண்டே இணைப்பைக் கூட்டலாம் என்ற இந்த உண்மையை எந்தக் காணொளியும் சொல்லி நான் பார்க்கவில்லை.

சட்டத்தையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வானொலி மீடிறன்கள் தொடர்பான அதிகாரம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. திசைப்படுத்திய அன்டெனாவைக் கொண்டு மற்றவரின் வைஃபைக்குள் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. பெற்றோர் சிலர் இந்தப் பயத்தினாலேயே பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். தங்கள் இரு கட்டடங்களை, அல்லது அனுமதி தந்தவரின் கட்டடத்தைத் தங்களோடு இணைப்பதில் அந்தக் குற்றம் இல்லை என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். கூரையில் ஏறும்போது மின் கம்பிகளை விட்டு நன்றாக விலகியிருக்க வேண்டும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கூடும் நாடு இது. உலோகக் கம்பத்தைப் புவியோடு இணைக்காமல் அன்டெனாவைக் கூரைக்கு மேல் உயர்த்தவே கூடாது.

நம் ஊருக்கு இது புதிதல்ல. 1923 இல் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு கொழும்புத் தந்தி அலுவலகத்தில் ஒலிபரப்பியை அமைத்துப் பரிசோதனை நடத்தினார். 1925 இல் கொழும்பு வானொலி தொடங்கியது அந்த முயற்சியிலிருந்துதான். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டுக் கூரையில், இந்தியாவின் செய்மதித் தொலைக்காட்சிப் பரிசோதனை நடந்த 1975 காலப்பகுதியில், இந்தியப் பொறியியலாளர்கள் வந்து பொருத்திய தட்டு அன்டெனா ஒன்று நின்றது. வெளிநாடுகளிலும் எளிய பொருட்களைக் கொண்டு பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. நேபாள மலைக் கிராமங்களை வைஃபையால் இணைத்த மகாபீர் புன் 2007 இல் மகசேசே விருது பெற்றார். அதே ஆண்டில் வெனிசுவேலாவில் எர்மானோ பியேத்ரோசெமோலியின் குழு, பழைய செய்மதித் தட்டுகளைப் பயன்படுத்தி 382 கிலோமீற்றர் தூரத்துக்கு வைஃபை இணைப்பை ஏற்படுத்தியது. அவர்கள் எல்லோரும் அளந்து செய்தவர்கள்.

நீண்ட தூர இணைப்புக்கு இன்று ஆயத்தமாக வரும் வெளிப்புறக் கருவிகள் கடைகளில் இருக்கின்றன என்பதையும், அன்றாடத் தொழிலுக்கு அவையே உகந்தவை என்பதையும் நான் மறுக்கவில்லை. புதிய ரவுட்டர்கள் பலவற்றில் கொம்பைக் கழற்ற முடியாது. இரண்டு மூன்று கொம்புகளால் ஒரே நேரத்தில் இயங்குபவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் வேகம் குறையவும் கூடும். ஐந்து கிகாஹேர்ட்ஸ் வலயத்தில் அலைநீளத்தின் காற்பங்கு ஏறத்தாழ 14 மில்லிமீற்றராகக் குறைந்துவிடுவதால் வீட்டு வேலை கடினமாகும். ஆனாலும் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கிய பின்னர், அலையையும் பரிவையும் கரும்பலகையில் மட்டும் படிக்கும் நம் தமிழ்மொழிமூல மாணவர்களுக்கு, ஒரு துண்டுச் செப்புக் கம்பியில் இவ்வளவையும் கையால் தொட்டுப் படிக்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. இதற்கு வேண்டிய அளவுகள் தமிழில் ஒழுங்காக அச்சில் வராமலிருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஆகவே எனது வேண்டுகோள்கள் மூன்று. தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில், விட்டத்துக்கேற்ற துளை அளவு அட்டவணையையும் இரட்டைச் சதுரத்தின் முழு அளவு வரைபடத்தையும் வெளியிட வேண்டும். ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, வீட்டில் செய்யும் அன்டெனாவோடு 2.4 கிகாஹேர்ட்ஸ் வலயத்தில் எவ்வளவு வலு வீசலாம் என்பதைப் பொதுமக்களுக்கு விளங்கும் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாகவேனும் தர வேண்டும். தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, 3 கிகாஹேர்ட்ஸ் வரை அளக்கும் பகுப்பாய்வி ஒன்றைத் தத்தம் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

முதலாவது வேண்டுகோளுக்குத் தேவையான அட்டவணையையும் வரைபடங்களையும் சரிபார்த்து ஆயத்தமாக வைத்திருக்கிறேன். தாங்கள் கேட்டால் அடுத்த நாளே எவ்விதக் கட்டணமுமின்றி அனுப்பிவைப்பேன். 75 முதல் 92 மில்லிமீற்றர் வரை ஒவ்வொரு மில்லிமீற்றர் விட்டத்துக்கும் உரிய அளவு அதில் உண்டு.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.